சாவடி இருந்த இடம்

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில், ஒரு தொழிற்சாலைச் சுவர் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வந்து போய்விடும் ஊர்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அங்கே சிலர் காலூன்றி நிற்கும் இடத்துக்கே ஆபத்து வரலாம் என்று பயப்படுகிறேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தான். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

என் ஊர் மலேசியாவில் ஈப்போ. என் தொழிலைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். இடிந்துபோன கட்டடங்கள் இருந்த இடங்களில் ‘இங்கே இன்னது இருந்தது’ என்று பலகை நட்டு வைக்கிறார்களே, அதற்கு வாசகம் எழுதுகிறேன். மஞ்சுநாத் பினாங்கில் சில வருடம் ஆலை வேலை பார்த்தவர். அங்கே ஒரு தெருவில் நான் எழுதிய பலகையைப் படித்து என்னைத் தேடிப் பிடித்தார். இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அந்த ஆலையின் அறக்கட்டளை பக்கத்து ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய நினைத்தபோது, ஊரில் இல்லாமல் போன ஐந்து கட்டடங்களுக்குப் பலகை வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். அவர் அனுப்பிய பழைய வரைபட நகல்களைப் பார்த்து நான் ஈப்போவிலிருந்தே எழுதி அனுப்பினேன். நடும்போது நேரில் வாருங்கள் மேடம் என்றார். வந்தேன்.

வந்த அன்றே பயம் தொடங்கிவிட்டது. மத்திகிரியில் மஞ்சுநாத் வீட்டு மாடியில் எனக்கு அறை. ஓசூரிலிருந்து அங்கே ஆட்டோவில் போகும்போது இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருந்த சந்தில் ஓட்டுநர் வண்டியை நுழைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “ஒண்ணும் ஆகாதுங்க, அவன் பார்த்துக்குவான்” என்றார். லாரிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று ஆட்டோக்காரரும், ஆட்டோக்காரர் பார்த்துக்கொள்வார் என்று லாரிக்காரனும் நம்பித்தான் அந்தச் சாலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பிறகு புரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் இப்படி. அவர்களைத் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. ஷிப்டு முடிந்து வந்த இளைஞர்கள் சீருடையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார்கள். நான் களியைக் கிள்ளி வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். பரிமாறியவர் ஓடி வந்தார்.

“மெல்லக் கூடாதுங்க. மென்னீங்கன்னா பல்லுல ஒட்டிக்கும். கொழம்புல தோச்சு அப்படியே முழுங்கிடணும்.”

தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று நினைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. எதிரே இருந்தவர் உருண்டை உருண்டையாக விழுங்கியபடி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கடவுளை வேண்டிக்கொண்டு விழுங்கினேன். இறங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்த ஊரைப் பார்த்து வரத் தனியாகக் கிளம்பினேன். பேருந்தில் கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். தலையாட்டினார். பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் தமிழில் தொடங்கிய ஒரு சண்டைக் கதையைத் தெலுங்கில் கொண்டுபோய்க் கன்னடத்தில் முடித்தார்கள். கதையின் நடுப்பகுதி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை யோசித்துக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. கைப்பேசி, கர்நாடகாவுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பியது. எங்கள் பக்கம் தாய்லாந்துக்குப் போவதென்றால் கடப்பிதழ், வரிசை, முத்திரை என்று அரை நாள் போகும். இங்கே எல்லை தாண்டியதே தெரியவில்லை. தெரியாத மாநிலத்தில், முள்வேலி போட்ட ரோஜாத் தோட்டத்தின் எதிரே, திரும்பிப் போகும் பேருந்துக்காக நின்றேன். ஒரு நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய தினம் அவ்வளவுதான் முடிந்தது.

அதற்கடுத்த நாள்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். பலகைகள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிவிட்டன. ஞாயிறு காலை திறப்பு. எங்கெங்கே குழி தோண்ட வேண்டும் என்று குறித்து வைத்தால் ஆட்கள் வந்து வேலையை முடிப்பார்கள். மஞ்சுநாத்துக்குப் பகல் ஷிப்டு. “நானே குறிச்சிட்டு வந்துடுறேன்” என்று ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் நிறம்.

சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். அதன் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே 1 என்று எழுதினேன். பட்டுக்கூடு ஏலம் நடந்த மண்டபம் செல்போன் கடையாகியிருந்தது, அங்கே 2. பயணியர் பங்களாவுக்கு 3, குதிரை லாயத்துக்கு 4. லாயம் இருந்த காலி மனையின் காவலாளி என்னைப் படம் எடுத்தார். நான் சிரித்துப் போஸ் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு பைக் மெதுவாக என் பின்னாலேயே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

ஐந்தாவது இடம் சாவடி. வரைபடத்தின்படி அது சாலையின் கிழக்குப் பக்கம், ஒரு புளியமரத்தை ஒட்டி. மரம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடும், அதோடு சேர்ந்தாற்போல் சிமென்ட் ஷீட் போட்ட மூன்று வாடகை அறைகளும் இருந்தன. அறை வாசல்களில் ஆலைச் சீருடைகள் காய்ந்தன. வீட்டின் படிக்கட்டு ஓரத்தில் வட்டம் போட்டு 5 என்று எழுதி நிமிர்ந்தேன். என்னைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. பைக்கில் வந்தவர்கள், கடைக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள். பலர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள்.

“எந்த ஆபீசும்மா நீ?”

“ரிங் ரோடா, ஏர்போர்ட்டா? அத்த மொதல்ல சொல்லு.”

“நான் ஆபீஸ் ஆளு இல்லைங்க. மலேசியாவுல இருந்து வர்றேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஓ, இப்ப மலேசியாக்காரனுக்கே ஊர வித்துட்டாங்களா!” என்று ஒருவர் கத்தினார்.

யாரோ என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினார்கள். நான் என்ன செய்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை, பயத்தில் அதுதான் மோசமான பகுதி. பிறகு தெரிந்தது. அந்தப் பக்கத்தில் சாலையை அகலமாக்க வருகிறவர்களும் ஆலைக்கு நிலம் எடுக்க வருகிறவர்களும் முதலில் வந்து செய்வது இதுதானாம். சுவரிலோ கல்லிலோ மஞ்சள் பெயின்டில் ஓர் எண் போடுவார்கள். காகிதம் எல்லாம் அப்புறம்தான் வரும். அங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் தெரியாமல், ஊரைச் சுற்றி வரிசையாக ஒன்று முதல் ஐந்து வரை நான் போட்டு வைத்திருந்தேன்.

மஞ்சுநாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் இயந்திரச் சத்தத்தின் நடுவே கன்னடத்தில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை கத்தி விளக்கினார். நில அளவை இல்லை, பலகைதான், பழைய கட்டடங்களைப் பற்றி எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். கூட்டம் மெல்லத் தளர்ந்தது. சிலர் சிரித்தார்கள். டப்பாவைப் பிடுங்கியவர் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்காரப் பெண் உள்ளே போய் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். பெயர் ராமக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும், ஓர் ஆலையின் கேன்டீனில் வேலை. “பயந்துட்டீங்களா? குடிங்க அக்கா, சக்கரை தூக்கலா போட்டிருக்குறேன்” என்றார். நல்ல தேநீர். பாதி குடித்ததும்தான் எனக்கு மூச்சு சீரானது.

“எங்க வூட்டு முன்னால இன்னா எழுதப்போறீங்க? படிங்க, கேக்கலாம்.”

என் வாசகத்தைக் கேட்க ஆள் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. கைப்பேசியை எடுத்து ராகத்தோடு படித்தேன்.

“நீங்கள் நிற்கும் இந்த இடத்தில் ஊர்ப் பொதுச் சாவடி இருந்தது. மைசூர்ப் பக்கம் போகும் வழிப்போக்கர்கள் இங்கே இறங்கி இளைப்பாறினார்கள். மாட்டு வண்டிகளோடு நூறு பேர் தங்கும் அளவுக்கு இதன் முற்றம் விரிந்திருந்தது. ஊருக்கே சொந்தமான இந்தச் சாவடி கவனிப்பின்றிச் சிதைந்து மறைந்தது.”

ராமக்காவின் முகம் மாறிவிட்டது. தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“பொதுன்னு எழுதியாச்சா?”

“ஆமாம். பொதுச் சாவடிதானே அது?”

“ஆமா, பொதுதான். இல்லன்னு யாரு சொன்னாங்க? எங்கப்பா கவுண்டர் நெலத்துல கூலிக்குப் போனவரு. சாவடி இடிஞ்சு கெடந்த கல்லுங்க மேலதான் குடிசை போட்டாரு. நான் கேன்டீன் வேலைக்குப் போயி இந்த மூணு ரூமு கட்டுனேன். வூட்டு வரி ரசீது இருக்குது, கரண்டு பில்லு இருக்குது. பட்டா கெடையாது.”

நான் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

“ரோட்டுக்காரன் அளந்து எடுத்தான்னா காசாச்சும் குடுப்பான் அக்கா. நீங்க இத்த எழுதி நட்டீங்கன்னா அதுவும் கெடையாது. ஊரு சொத்துல கட்டிக்கின்னு இருக்கிறவ, எந்திரிச்சுப் போடின்னுடுவாங்க. யாரு தொறந்து வெக்க வராங்க?”

தாசில்தார் வருகிறார். மஞ்சுநாத் அழைப்பிதழில் போட்டிருந்தார். மறைத்துப் பயனில்லை. சொன்னேன். ராமக்கா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

என்னை அடித்துவிடுவார்களோ என்று பயந்தபோது வந்தது வேறு பயம், இது வேறு. நான் பிறந்த ரப்பர் தோட்டத்து வீட்டு வரிசை இப்போது இல்லை. அங்கே ஒரு பலகை இருக்கிறது, வாசகம் என்னுடையதுதான். எங்கள் ஊரில் ஆட்கள் போன பிறகுதான் பலகை வரும். பலகை வந்ததால் ஆட்கள் போக வேண்டியிருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இருபது வருடமாக எழுதுகிறேன் என்று பெருமையடித்துக்கொள்கிறவளுக்கு இது தோன்றவில்லை.

சாயங்காலம் மஞ்சுநாத் ராமக்கா வீட்டுக்கே வந்தார். ஐந்தாவது பலகையே வேண்டாம் என்றேன்.

“எப்படி மேடம்? அஞ்சு பலகைன்னு இன்விடேஷன்ல போட்டாச்சு. ஒண்ணு கொறஞ்சா ஏன்னு கேப்பாங்க. கேட்டா எல்லாம் தோண்டி எடுப்பாங்க.”

அவர் சொல்வதும் சரிதான். எழுத்தை மாற்றவும் வழியில்லை, உலோகத்தில் பதித்தது. மூவரும் அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நான் தின்னர் ஊற்றித் தேய்த்ததில் 5 கலைந்து ஒரு பெரிய மஞ்சள் கறையாகியிருந்தது. கடைசியில் ராமக்காதான் சொன்னார்.

“ரோட்டுக்கு அந்தாண்ட நட்டுடுங்க. எழுத்த மாத்த வேணாம். ‘இந்த எடத்துல’ன்னுதான இருக்குது? எந்த எடத்துல நடறீங்களோ அந்த எடந்தான்.”

சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சாக்கடை, அதன் மேல் ஒரு கல் பாலம், எருக்கஞ்செடிகள், ஒரு பஞ்சர் கடையின் நீலத் தார்ப்பாய். “அங்க யாரு வூடு இருக்குது? ஒண்ணும் கெடையாது” என்றார் ராமக்கா. உண்மைதான். வீடு எதுவும் இல்லை.

என் தொழிலில் ஒரு பலகையைக்கூட ஓர் அடி தள்ளி நட்டதில்லை. ஓர் அதிகாரியின் முன்னால் பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தபோது அன்று இறங்கிப்போன களி உருண்டை இப்போது தொண்டையில் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் ராமக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றேன்.

குழி தோண்ட ஆட்கள் வருவதற்குள் பஞ்சர் கடைக்காரரே கடப்பாரையோடு வந்துவிட்டார். பெயர் ஏழுமலை, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டியே கைகள் உரமேறியிருந்தன. தார்ப்பாயின் பின்பாதியில்தான் மனைவியோடு குடியிருந்தார். எதற்குப் பலகை என்று கேட்டார். பழைய கட்டடத்தைப் பற்றி என்றேன். ராமக்காவின் பட்டா விஷயம் எதையும் சொல்லவில்லை. எவ்வளவு குறைவான பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று மஞ்சுநாத் சொல்லியிருந்தார்.

“நல்லதாப் போச்சு மேடம். போர்டு இருந்தா நாலு பேரு வண்டிய நிறுத்திப் படிப்பான். படிச்சிட்டுச் சும்மாவா போவான்? காத்தாச்சும் புடிச்சினு போவான்” என்று சிரித்துக்கொண்டே தோண்டினார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் நான்கு பலகைகளும் கைதட்டலோடு திறக்கப்பட்டன. ஐந்தாவதற்கு வந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். ராமக்கா தன் வீட்டு வாசலில் நிற்காமல் எங்கள் பக்கம் வந்து நின்றுகொண்டார். தாசில்தார் மென்மையான மனிதர். துணியை விலக்கிவிட்டு, மற்றவற்றைப் போல இதையும் வாய்க்குள்ளேயே முழுதாகப் படித்தார்.

“சாவடி கரெக்ட்டா இங்கதான் இருந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ராமக்கா முந்திக்கொண்டார். “இங்கதானுங்க சார்.” கூட்டத்திலிருந்து தெலுங்கில் ஆமாம் என்றார்கள், கன்னடத்தில் ஆமாம் என்றார்கள். அன்று என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கியவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். அவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும்.

ஏழுமலைக்குத் தெரியாது. ஆனால் ஊரே சொல்லும்போது தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஆமா சார். நான் வந்தப்பக்கூடப் பழைய கல்லுங்க கெடந்துது சார். இதோ, நம்ம கடைக்குக் கீழகூட இருந்துது சார்.”

தாசில்தார் தார்ப்பாயை ஒரு கணம் பார்த்தார். அப்படியா என்று சிரித்தார். அவரோடு வந்த உதவியாளர் பலகையைப் படம் எடுத்தார், இரண்டடி பின்னால் போய்க் கடையும் சேரும்படி இன்னொன்று எடுத்தார். பிறகு எல்லோரும் டீயும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

ராமக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. எத்தனையோ நாளாக இப்படி ஒரு நிம்மதியை நான் உணர்ந்ததில்லை. அவர் சாலையைக் கடந்து தன் வீட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சுநாத் காரை எடுத்துவரப் போயிருந்தார்.

“மேடம்.”

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். காலையில் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

“அந்த சாரு இன்னாத்துக்கு மேடம் கடைய போட்டோ புடிச்சாரு?”

“சும்மா, ஞாபகத்துக்கு இருக்கும்” என்றேன்.

“ஒண்ணும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்ல?”

“சேச்சே.”

அவர் பலகையின் கம்பத்தைப் பார்த்தார். தன் தார்ப்பாயைப் பார்த்தார். நடுவே இருந்த தூரத்தைக் கண்ணால் அளப்பது எனக்குத் தெரிந்தது.

“அந்தச் சாவடி எவ்ளோ பெருசு மேடம்? இந்தக் கம்பத்தோட முடிஞ்சிடுமா?”

“சின்னதுதான்” என்றேன். “ரொம்பச் சின்னது.”

அவர் தலையாட்டினார். உள்ளிருந்து அவர் மனைவி என்னவென்று குரல் கொடுத்தார். பலகைக்கு அருகே போய், கிரீஸ் படிந்த விரலை எழுத்துகளுக்குக் கீழே வைத்து, “நீங்... கள்... நிற்கும்... இந்த... எடத்தில்...” என்று எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். மாட்டு வண்டிகளோடு நூறு பேர் தங்கிய முற்றம் மூன்றாவது வரியில் இருந்தது.